நடுப்பந்து யாருக்கு

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களை ஆளாளாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்குள் நான்கு பேர்: நான், என் இரட்டையர் இணை ரத்னா, எதிர்ப்பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு அக்காவும் தங்கையும். உயரக் கதிரையில் நடுவர். பந்து பொறுக்க இரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று காதில் வயரைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கரையில் மேசை போட்டு, போட்டியின் மேற்பார்வையாளரான ஒரு பெண். எங்கள் பயிற்றுநர் ஸ்டைனார். டென்மார்க் பிள்ளைகளின் தகப்பன். மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு என் அம்மா. பக்கத்தில், வேலையிலிருந்து நேரே வந்ததால் தபால் பொதி பிரிக்கும் சட்டையோடு அப்பா. கூரையில் எரியாமல் போன விளக்கை மாற்ற வந்து, ஆட்டம் முடியட்டும் என்று ஏணியைப் பிடித்தபடி நின்ற மண்டபக் காவலாளி. அவ்வளவுதான். பதின்மூன்று பேர்.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஒஸ்லோவில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "தங்கச்சி, நானும் அண்டைக்கு மட்ச் பாக்க வந்தனான். கடைசிப் பந்தை நீர் விட்டிருக்கக் கூடாது" என்கிறார்.

வந்தவராம். அந்தப் பதின்மூன்று பேரில் இவர் எந்த மூலையில் இருந்தார்? வந்திருந்தால், கடைசிப் பந்தை நான் விடவில்லை என்பது தெரிந்திருக்கும். விட்டது வேறு பந்து. அதையும் நான் தனியே விடவில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் விட்டோம். பாயாசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் விளக்க முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன்.

குரோருட் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்கும் வேலையை இந்த வசந்தத்தோடு விட்டுவிட்டேன். முழங்கால் இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. கடைசி நாள் ஒரு பெட்டை கேட்டாள்: "சுகந்தி அன்ரி, உங்கட காலத்தில டபிள்ஸுக்குப் பேர் குடுக்கக் கியூவில நிக்கோணுமாமே? மொபைல்ல அனுப்ப ஏலாதோ?"

"ஏலாது."

"ஏன்?"

ஏன் என்று என்னிடம் கேட்டால்? அந்த விதியை நானா எழுதினேன்? ஆனால் அந்த வரிசையில்தான் ரத்னாவைச் சந்தித்தேன். ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி.

அப்பா பின்னேரங்களில் அதே மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையும் செய்தார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை இருந்த நாட்களில் என்னையும் கூட்டிப் போவார். நான் சுவரில் பந்தடித்தேன். இடக்கையால் அடித்தேன். எழுதுகிற கையை அம்மா அடித்துத் திருத்தி வலக்கையாக்கிவிட்டார், றக்கெட் பிடிக்கிற கை அவர் கண்ணில் படாததால் தப்பிவிட்டது. ஸ்டைனார் அதைக் கண்டுபிடித்துப் பழக்கினார். மேல்நிலைப் பள்ளியின் இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டேன். புருசெத்தில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க அந்த வருடம் என் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டது: "பந்தடிக்கிறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கப் போறாங்கள்?" நியாயமான கேள்விதான். ஒருவரும் கொடுக்கவில்லை. வென்றால் காசு, தோற்றால் பஸ் காசும் கையை விட்டுப் போய்விடும். இதைச் சனம் விளையாட்டு என்கிறது. நான் வேலை என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். றக்கெட்டின் நரம்பு அறுந்துவிடும் என்று மேலதிகமாக றக்கெட்டுகள் சுமப்பேன். பெயர் பதிவது பின்னேரம் ஆறு மணியோடு மூடுகிறது என்றால் மத்தியானமே போய் மேசைக்கு முன்னால் நிற்பேன். அப்போதெல்லாம் சின்னப் போட்டிகளில் இரட்டையர் ஆட, ஆட்கள் நேரில் வந்து தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு பேரின் தரவரிசை எண்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை குறைந்த சோடிகளுக்கு இடம், மற்றவர்களுக்கு வீடு.

முதல் வருடம் அப்படி ஒரு போட்டியில் ஒற்றையரில் தோற்றுவிட்டு, இரட்டையருக்கு இணை இல்லாமல் நின்றேன். ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு குள்ளமான பெண் தனியாக இருந்து சோற்றை மிளகாயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் சோறு சாப்பிடுகிற ஆள் நல்ல ஆளாகத்தான் இருக்கும் என்று போய்க் கேட்டேன். "ஓம்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதை இங்கே என் வீட்டுத் தமிழில்தான் எழுத முடியும்.

பின்னேரம் வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு போலந்துப் பிள்ளை வந்து நின்றாள். "நீ யாரோடு?" என்று கேட்டேன். "ரத்னாவோடு" என்றாள்.

நான் மேசைக்கு இன்னும் கிட்ட நகர்ந்து நின்றேன். அப்போது ரத்னா ஆறுதலாகத் தலையைத் துவட்டியபடி வந்தார். மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"இரண்டு பேருக்கும் சம்மதம் சொன்னீர்களா?"

"ஓம்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் கேட்டவை."

போலந்துப் பிள்ளை இரண்டு கையையும் விரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் முன்னால் நின்றதால் நான் கையெழுத்து வைத்தேன். மூன்று வருடம் ஆடிய சோடி இப்படித்தான் உண்டானது. இதில் என் திறமையும் இல்லை, அவருடைய தெரிவும் இல்லை.

ரத்னா ஜாவாத் தீவில் மலாங் என்ற ஊரைச் சேர்ந்தவர். தகப்பன் ஒரு சீனி ஆலையில், அதிகாரிகள் விளையாடும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். சின்ன வயதிலேயே தலைநகரத்துப் பயிற்சி விடுதிக்கு அனுப்பினார்கள். கை வந்தது, உயரம் வரவில்லை. பதினெட்டு வயதில் ஓர் அதிகாரி கூப்பிட்டு, இனி உனக்கு இரட்டையர் மட்டும்தான் என்று சொன்னாராம். அன்றைக்கே ஒற்றையருக்கு வைத்திருந்த றக்கெட் நரம்புக் கட்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாராம். நாட்டுக்காக ஆடி ஒரு பதக்கம் எடுத்தார். பிறகு தாய்லாந்து, இந்தியா, உஸ்பெகிஸ்தான் என்று சின்னச் சின்னப் போட்டிகள். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு இணை. ஒருத்தி கல்யாணம் கட்டிப் போனாள், ஒருத்தி தோள் இளகிப் போனாள், ஒருத்தி கையில் காசில்லாமல் போனாள். இவர் மட்டும் அடுத்த வரிசையில் போய் நின்றார்.

வலைக்கு முன்னால் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். பந்தை அடிக்கமாட்டார். மேசையில் இருக்கிற கோப்பையை எடுத்து வேறு இடத்தில் வைப்பதுபோலப் பந்தை எடுத்து ஆளில்லாத இடத்தில் வைப்பார். நானும் இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டேன். அந்தக் கையை ஒருவருக்கும் கொடுக்க முடியவில்லை.

ஹோட்டல் செலவு மிச்சம் என்று புருசெத்தில் எங்கள் வீட்டிலேயே அவர் தங்கினார். வருடத்தில் பல மாதம் என் அறையில் இரண்டாவது கட்டில் அவருடையது. அம்மா பெயரைக் கேட்டவுடனேயே, "ரத்தினம் எண்டு பேர் வைச்சிருக்கினம், அப்ப சைவப் பிள்ளைதான்" என்று முடிவு கட்டி, ஒரு கிழமை முழுக்க மரக்கறியாகவே சமைத்தார். பிறகு ஒரு நாள் அவர் அறையில் பாய் விரித்துத் தொழுவதைக் கண்டுவிட்டு ஓடிவந்தார்.

"எடியே, அவ முஸ்லிம் பிள்ளையடி! கோழி தின்னிற பிள்ளையை ஒரு கிழமையாக் காயப்போட்டு வைச்சிருக்கிறன்!"

அன்றைக்கே அப்பாவைக் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குத் துரத்தி, அவர்களுடைய முறைப்படி அறுத்த கோழி வாங்குவித்தார். அதற்குப் பிறகு ரத்னா எங்கள் வீட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கவும் அம்மா விடவில்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை, தங்கள் ஊரில் தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, "டிக்" என்று கூப்பிட்டார். எல்லாரும் ஒரே பாசமாக இருந்தோம். அதுதான் பிழை வந்த இடம்.

விளங்கும்படி சொல்கிறேன். நான் இடக்கை, மைதானத்தின் வலப்பக்கம் நிற்பேன். அவர் வலக்கை, இடப்பக்கம் நிற்பார். ஆகவே இரண்டு பேருடைய பலமான அடியும் நடுவில் வந்து சந்திக்கும். இப்படி ஒரு சோடி கிடைக்காது என்று ஸ்டைனார் முதல் நாள் கைகளைத் தேய்த்தார். நடுவால் வருகிற பந்தை இரண்டு பேருமே எடுக்கலாம். யார் முதலில் "என்னுடையது" என்று கத்துகிறாரோ அவருக்கு. மற்றவர் விலக வேண்டும். விதி இவ்வளவுதான்.

எங்களில் ஒருவரும் கத்தவில்லை.

பந்து நடுவால் வரும். நான் ஓரடி வைப்பேன். அக்காவும் ஓரடி வைப்பார். நான் அவரைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஓரடி பின்னால் போவோம். பந்து இடையால் போய்ப் பின்சுவரில் முட்டும். "சொறி டிக்." "இல்லையக்கா, நான்தான் சொறி." கலியாண வீட்டு வாசலில் யார் முதலில் உள்ளே போவது என்று நிற்கிற சம்பந்திகள் மாதிரி.

ஸ்டைனார் ஓர் ஒல்லியான நெடிய மனிதர். சட்டைப் பையில் தாளில் சுற்றிய பாணும் மண்ணிறப் பாற்கட்டியும் எப்போதும் இருக்கும். ஆளைப் பார்த்துப் பேசமாட்டார், மைதானத்தைப் பார்த்துத்தான் பேசுவார். கோபம் வந்தால் வாயே திறக்கமாட்டார். மூலையில் இருக்கும் அகலத் தும்புத்தடியை எடுத்து மைதானத்தைக் கூட்டத் தொடங்குவார். நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் காலடியால் கூட்டிக்கொண்டு போவார். நாங்கள் துள்ளி விலக வேண்டும். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மஞ்சள் நாடாவால் நடுவில் ஒரு பெரிய பெட்டி ஒட்டினார்.

"இந்த வீட்டில் யார் இருக்கிறது?" என்று நிலத்தைக் கேட்டார்.

நாங்களும் நிலத்தைப் பார்த்தோம்.

"வாடகைக்கு விட்டிருக்கிறதா?"

ஒரு கூடைப் பந்தையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடித்தார். கூடை முடிந்தபோது பெட்டிக்குள் ஒருவரும் குடிவரவில்லை. போய்த் தும்புத்தடியை எடுத்தார்.

இரண்டாவது வருடம் இப்படியே ஆடி ஒஸ்லோப் போட்டியை வென்றோம் என்றால் நம்புவீர்களா? வென்றோம். மற்றவர்களுக்கு எங்கள் வியாதி அப்போது தெரியாது. ரத்னாவின் தரவரிசை அவர் வாழ்நாளில் காணாத இடத்துக்குப் போனது. மூன்றாவது வருடம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிரே நிற்பவள் சேர்விஸ் போட முதலே தன் இணையிடம் நடுவைக் காட்டிச் சிரிப்பாள்.

அந்த மூன்றாவது வருடத்தில் ரத்னாவுக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். வென்ற புள்ளிகள் ஒரு வருடம்தான் நிற்கும். போன வருட ஒஸ்லோப் புள்ளிகள், இந்த வருடப் போட்டி முடிந்து வரும் திங்கட்கிழமை அழிந்துவிடும். அதே போட்டியைத் திரும்ப வென்றால் அதே இடத்தில் நிற்கலாம். அந்த இடத்தில் நின்றால், தாய்லாந்துக்காரி ஒருத்தி தன்னோடு சேர்த்து ஜனவரியில் மெல்பேணில் நடக்கும் பெரிய போட்டிக்குப் பெயர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரின் எண்ணையும் கூட்டினால் மட்டுமட்டாக உள்ளே போகலாம். என் எண்ணோடு கூட்டினால் வாசலுக்கும் கிட்டப் போக முடியாது. அதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு முப்பத்தொரு வயது. உலகத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றிலாவது ஒரு தடவை ஆட வேண்டும், முதல் சுற்றிலே தோற்றாலும் காரியமில்லை என்று இருந்தார். ஊரில் மாகாண வங்கி ஒன்றில் அவருக்காக ஒரு மேசையைப் பிடித்து வைத்திருந்தார்கள். தமையன் ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் கூப்பிட்டு, இனியும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. காலையில் அம்மா பிட்டும் கோழிக்கறியும் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. மூன்று வருடமாகக் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, அந்த நடுப்பந்தை நீங்கள் ஏன் எடுக்கிறேல்லை? நான் விடுறது நீங்கள் மூத்தவ எண்டு. நீங்கள் ஏன் விடுறீங்கள்?"

ரத்னா பிட்டைக் கறியோடு குழைத்தபடி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இது உன்ர ஊர். உன்ர அம்மா சமைச்ச சோத்தைத் தின்னுறன், உன்ர கட்டில்ல படுக்கிறன். பிறகு உனக்கு முன்னால வாற பந்தையும் நான் பறிக்கிறதோ?"

எனக்குத் தலையில் கை வைக்கத்தான் தோன்றியது. நான் வயதுக்கு விட்டிருக்கிறேன், அவர் விருந்தாளி என்று விட்டிருக்கிறார். ஒருவர் விடுவது மற்றவருக்குத் தெரியாமல் மூன்று வருடம் பந்து நடுவால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது!

இதை ஆங்கிலத்தில் பேசினோமே, அம்மாவுக்கு விளங்கியிராது என்று இருந்தேன். முதியோர் இல்லத்தில் பலதும் படித்திருக்கிறார் போல.

"பாத்தியே, என்ன மாதிரி வளத்திருக்கினம்!" என்று கறியை அள்ளி ரத்னாவின் கோப்பையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீயும் முந்திரிக்கொட்டை மாதிரிப் பாயாதை. மூத்தவ, அவவுக்கு விடு."

"அம்மா! விடக்கூடாது எண்டுதான் கதைச்சுக்கொண்டிருக்கிறம்!"

"கத்தாதை. விருந்தாளிக்கு முன்னால ஏன் கத்துறாய்?"

மண்டபத்துக்குப் போய் இதை ஸ்டைனாரிடம் சொன்னேன். மைதானத்தைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். "அப்படியென்றால் முதல் வருடமே அவரை ஹோட்டலில் விட்டிருக்கலாம்" என்றார். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. போய்த் தும்புத்தடியை எடுத்தார்.

டென்மார்க் சகோதரிகள் ஆடியதைப் பார்த்தால், எங்கள் வருத்தத்துக்கு மருந்து எதிர்ப்பக்கத்தில் இருந்தது தெரியும். கூடப்பிறந்ததுகள், மரியாதை என்ற சாமானே இல்லை. தங்கை அக்காவைப் பார்த்து, "என்னுடையது, மாடே, தள்ளு!" என்று கத்துவாள். அக்கா அவளைத் தோளால் இடித்துவிட்டுப் பந்தை எடுப்பாள். புள்ளி வென்றதும் இரண்டும் கைதட்டிக்கொள்ளும், தோற்றதும் ஒன்றையொன்று வையும். முதல் செற்றை அவர்கள் எடுத்தார்கள்.

இரண்டாவது செற்றில் ரத்னாவின் கை வேலை செய்யத் தொடங்கியது. வலைக்கு முன்னால் கோப்பை கோப்பையாக எடுத்து வைத்தார். நாங்கள் முன்னால் போனோம். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நடுவால் வந்த ஒரு பந்துக்கு நான் பாய்ந்தேன், அதுவும் வாய் திறக்காமல்தான். உடனே கரையிலிருந்து அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பிள்ளை! அவவுக்கு விடு!"

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பார்க்க வந்தவர்கள் ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. என்ன பாஷை என்பது பிரச்சினையில்லை. "உங்கள் அம்மாதானே? உங்களுக்குத்தானே சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார். நான் பொய் சொல்லத் தெரியாத ஆள். எங்கள் சோடிக்கு எச்சரிக்கை விழுந்தது. இரண்டாவது தடவை எது செய்தாலும் ஒரு புள்ளி போகும்.

மேற்பார்வையாளர் எழுந்து அம்மாவை நோக்கி நடந்தார். தன்னிடம் ஒருவர் வருகிறார் என்று கண்டதும் அம்மா எழுந்து, போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். அந்த மனுசி ஒரு கையில் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, மறு கையின் விரலை வாயில் வைத்துக் காட்டினார். அப்பா தனக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செற்று எங்களுக்கு. மூன்றாவதுக்குப் பதிலாக, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்கிற டை-பிரேக். இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அப்போதுதான் அந்த முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். என்னைப்போன்ற பயந்தாங்கொள்ளிக்காகவே கண்டுபிடித்த சித்திரவதை அது. மூன்றாம் செற்று என்றால் பிழை விட்டுத் திருத்த நேரம் இருக்கும். இதில் மூச்சு விடவும் நேரமில்லை.

ஒன்பதுக்கு எட்டு. நாங்கள் முன்னால். இன்னும் ஒரு புள்ளி, மெல்பேண்.

ரத்னா சேர்விஸ். நான் வலைக்கு முன்னால் நின்று, முதுகுக்குப் பின்னால் கைவிரலை மூடிக் காட்டினேன். நான் நகரமாட்டேன் என்று அர்த்தம். நல்ல சேர்விஸ். பதில் வந்தது, ரத்னா அதை அடித்துவிட்டு முன்னால் ஓடிவந்தார். இரண்டு பேரும் வலைக்கு முன்னால். தங்கைக்காரி பந்தை எட்டிப் பிடிக்க முடியாமல் றக்கெட் நுனியால் தட்டினாள். அது எழும்பி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், ஆறுதலாக வந்தது. அவ்வளவு மெதுவாக வந்த பந்து அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலாளிகூட அடித்து முடித்திருப்பார்.

நான் ஓரடி வைத்தேன். அக்கா ஓரடி வைத்தார். நான் பார்த்தேன். அவர் பார்த்தார்.

பந்து எங்களுக்கிடையில் விழுந்து, எழும்பி, திரும்ப விழுந்து, உருண்டு போனது.

ஒன்பதுக்கு ஒன்பது. பக்கம் மாற வேண்டும். ரத்னா போய் அந்தப் பந்தை எடுத்து, வழக்கம்போல இரண்டு கையாலும் பந்து பொறுக்கும் பிள்ளையிடம் கொடுத்தார். எங்கள் வாங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. றக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கி நிலத்தில் அடித்தார். திரும்பவும் அடித்தார். அது மடிந்து, நரம்பில் தொங்கும்வரை அடித்தார். பிறகு அதை வாங்கில் மெல்ல வைத்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை காதிலிருந்த வயரை உருவியது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, இது இரண்டாவது தடவை! அதுதான் தோன்றியது. நடுவரும் அதைத்தான் சொன்னார். றக்கெட் உடைத்த குற்றம், ஒரு புள்ளி தண்டனை. ஒன்பதுக்குப் பத்து. அடித்துத் தோற்ற புள்ளியாவது பரவாயில்லை. இது ஆடாமலே போன புள்ளி.

அம்மா அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏனப்பா புள்ளியைக் குறைச்சவை?"

"சும்மா இரும். அரைவாசி உம்மடை புள்ளி."

என் பையிலிருந்து மேலதிக றக்கெட் ஒன்றை எடுத்து ரத்னாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "டிக்" என்றார். அக்காக்காரி சேர்விஸ் போட்டாள். ரத்னா ஆழமாகத் திருப்பினார். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள், நாங்களும் வலைக்கு வந்து நின்றோம். அடி, அடி, அடி. பிறகு அக்காக்காரி சிரிக்காமல், பலமாக, நடுவால் அடித்தாள்.

"என்ரை!" என்று கத்தினேன். தமிழில். என்னைவிட மூத்தவரைப் பார்த்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்க.

அதே நேரம் என் இடப்பக்கத்திலிருந்து இன்னொரு கத்தல், அவருடைய ஊர்ப் பாஷையில். என்ன சொன்னார் என்று நான் கேட்கத் தேவையில்லை. இரண்டு பேரும் பாய்ந்தோம். இரண்டு றக்கெட்டும் ஒன்றோடொன்று முட்டின. பந்து சட்டத்தில் பட்டுச் செங்குத்தாக மேலே போய், எரியாத விளக்கில் மோதி, கோட்டுக்கு வெளியே விழுந்தது. ஒன்பதுக்குப் பதினொன்று.

ஆகவே கல்யாண வீட்டு ஐயாமாரே, கடைசிப் பந்தை நான் விடவில்லை. நான் மட்டுமல்ல, ஒருவருமே விடவில்லை.

ஸ்டைனார் மைதானத்துக்குள் வந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இன்றைக்கு நீங்கள் ஒரு சோடியாகிவிட்டீர்கள். திங்கட்கிழமை பயிற்சியை இதிலிருந்து தொடங்கலாம்" என்றார். எந்தத் திங்கட்கிழமை? திங்கட்கிழமை புள்ளிகள் போய்விட்டன. தாய்லாந்துக்காரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டாள், அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் ரத்னா மலாங்கில் வங்கி மேசையில் இருந்தார். அம்மா பொதிந்து கொடுத்த மிளகாய்த்தூளை விமானநிலையத்தில் பிடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டார்களாம். அவர் சொன்ன ஒரே பயணச் செய்தி அதுதான்.

நான் இன்னும் சில வருடம் ஒரு சுவீடன் பிள்ளையோடு ஆடினேன். அவளுடைய பந்துகளுக்கும் சேர்த்துக் கத்தினேன். பிறகு ஓய்வு பெறும் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் பழக்க வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. றக்கெட் உடைத்ததற்கு ரத்னாவுக்கு அபராதமும் விதித்தார்கள். வழக்கமாக அதைப் பரிசுப் பணத்தில் அங்கேயே வெட்டிவிடுவார்கள். ஆனால் எங்கள் கழகத்துப் பொருளாளர், தோற்கிறவர்களுக்குரிய பங்கை இரண்டு சோடிக்கும் வெள்ளிக்கிழமையே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் மலைக்குடிலுக்குப் போய்விட்டார். வெல்கிறவர்களுக்கு மிச்சத்தைப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தாராம். நோர்வேக்காரரை வெள்ளி பின்னேரம் மலைக்குப் போகாமல் யாரால் நிறுத்த முடியும்? அதனால் அபராதம் வெட்டப்படாமல் ரத்னாவின் பெயரிலேயே நின்றுவிட்டது.

எனக்குக் கட்டாத பில் ஒன்று இருந்தால் நித்திரை வராது, அது யாருடைய பில்லாக இருந்தாலும் சரி. பன்னாட்டு டென்னிஸ் அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஒரு பொடியன் கணினியில் பார்த்துச் சொன்னான்: அபராதம் நிலுவையில் இருக்கும்வரை அந்த ஆட்டக்காரர் போட்டிகளில் ஆடத் தடை, கட்டிவிட்டால் கணக்கை முடித்து ஓய்வு பெற்றவர்களில் சேர்த்துவிடலாம். உடனே மலாங்குக்கு எடுத்தேன்.

"அக்கா, அதை நான் கட்டிவிடுறன். பெரிய காசில்லை."

"கட்டினா என்ர பேரை என்ன செய்வினம்?"

"ஓய்வு பெற்ற ஆக்களோட போடுவினம்."

பின்னால் வங்கியில் இலக்கம் கூப்பிடும் மணி கேட்டது.

"இப்ப என்னெண்டு போட்டிருக்கினம்?"

"தடை செய்யப்பட்ட ஆட்டக்காரி எண்டு."

"ஆட்டக்காரி எண்டுதானே?"

"ஓம், ஆனா தடை..."

"அப்ப அது இருக்கட்டும், டிக்."

இப்போது அந்த வங்கிக் கிளைக்கே அவர்தான் மேலாளர். ஒரு கையெழுத்தில் கட்டலாம். ஒவ்வொரு புதுவருடமும் கேட்கிறேன், சிரிக்கிறார். நித்திரை இல்லாமல் கிடப்பது நான்.

நூற்றைம்பது அமெரிக்க டொலர், இன்னும் கட்டவில்லை.